நோசல்தான் போச்சா? டீசல் பிக்கப் மக்கர் செய்தால் எங்கிருந்து பார்ப்பது

மலேசியாவில், எங்கள் பெஸ்தாரி ஜெயாவில் ஓர் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து "வண்டி ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது" என்று சொல்லிப் பாருங்கள். தே தாரிக் ஆறுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். "நோசல் போச்சுண்ணே." இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் முனைதான் நோசல். காலையில் ஸ்டார்ட் ஆகவில்லையா, நோசல். கறுப்பாகப் புகைகிறதா, நோசல். ஓடும்போதே அணைந்துவிட்டதா, அதுவும் நோசல். கொஞ்சம் விவரமானவர் என்றால் "பம்பா இருக்கும்" என்பார். ஊர்ப் பெயர் 2007-இல் மாறியும் நாங்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்வதுபோல, வண்டிகள் மாறி இருபது வருடம் ஆகியும் பேச்சு மட்டும் பழைய வண்டிக்கான பேச்சாகவே இருக்கிறது.

என் மச்சான் செம்பனைக் குலை ஏற்ற ஒரு பழைய ஹைலக்ஸ் பிக்கப் வைத்திருக்கிறார். போன வருடம் அது காலையில் எழ மறுத்தது. எழுந்தாலும், குலையை ஏற்றிக்கொண்டு மேட்டில் போகும்போது மூச்சு வாங்கியது. பட்டறையில் நான்கு நோசலையும் மாற்றச் சொன்னார்கள். மாற்றினார். பில்லைப் பார்த்துவிட்டு என் தங்கச்சி அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவள் பேசினாள், வண்டி பழையபடி படுத்துக்கொண்டது.

கோளாறு எங்கே இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் ஒரு விஷயம்: நான் ஃபோர்மன் இல்லை (மெக்கானிக்கை இங்கே அப்படித்தான் அழைப்போம்). தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் ஸ்டோர் கிராணியாகப் பல வருடம் உட்கார்ந்தவன். எந்தச் சாமான் எதற்காக வெளியே போனது, எது வீணாகப் போனது என்று கணக்கு எழுதியவன். அந்தக் கணக்கில் தெரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மருந்தடிக்கும் பம்பைத் தெரியுமா?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு முதுகில் சுமக்கும் மருந்து பம்பை விளக்க வேண்டியதில்லை. முதுகில் டாங்கி, அதன் வாயில் ஒரு சல்லடை, இடது கையால் அடிக்கும் பம்பு, ஒரு குழாய், நுனியில் நோசல். கை நன்றாக அடித்தால் மருந்து பனிபோலப் பரவும். கை தளர்ந்தால் அதே நோசலிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகும். நோசலில் ஒரு குறையும் இருக்காது, அதற்கு வந்து சேரும் அழுத்தம்தான் குறைந்திருக்கும்.

டீசல் வண்டியின் எரிபொருள் அமைப்பும் இதே வரிசைதான். டாங்கி, சல்லடை, பம்பு, குழாய், நோசல். கடைசியில் இருக்கும் நோசல் சரியாகப் பீச்சவில்லை என்றால் அதற்கு முன்னால் இருக்கும் எதுவும் காரணமாக இருக்கலாம்.

ஒரு வித்தியாசம் உண்டு. மருந்து பம்பில் முதலில் நோசலைக் கழற்றி ஊதிப் பார்ப்பது நியாயம், ஏனென்றால் அதுதான் சுலபம், விலையும் சில காசு. டீசல் வண்டியில் நோசல்தான் ஆக விலை கூடிய சாமான்களில் ஒன்று. அதனால் பார்க்கும் வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். மலிவானதிலிருந்து விலை கூடியதற்கு, டாங்கியிலிருந்து இன்ஜினுக்கு.

தீப்பொறி இல்லாத இன்ஜின்

பெட்ரோல் இன்ஜினில் பிளக் ஒரு பொறியைத் தட்டிவிடும். டீசல் இன்ஜினில் அந்தப் பிளக் கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைக் கவனித்திருப்பீர்கள். காற்றை அமுக்கினால் சூடாகும். டீசல் இன்ஜின் காற்றை ஏறத்தாழ 16 முதல் 18 மடங்கு சிறியதாக அமுக்குகிறது. அந்தக் காற்று 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடும். அந்த நேரம் பார்த்து டீசலைப் பீச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும்.

இதில் இரண்டு நிபந்தனைகள். காற்று போதுமான அளவு அமுங்க வேண்டும். டீசல் பனித்துளியைவிட மெல்லியதாகச் சிதற வேண்டும், தடித்த சொட்டாக விழுந்தால் அந்தக் கண நேரத்துக்குள் முழுதாக எரியாது.

முதல் நிபந்தனையை நம் ஆட்கள் அடிக்கடி மறக்கிறார்கள். பேட்டரி பலவீனமாகி ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினால் காற்று சரியாகச் சூடாகாது, பம்பும் அழுத்தம் ஏற்றாது. "டீசல் ஏறல" என்று இரண்டு நாள் ஃபில்டரைக் குடைந்துவிட்டு, கடைசியில் பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைத் துடைத்ததும் எழுந்துகொண்ட வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆக, ஸ்டார்ட்டர் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறதா என்பதை முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். சுற்றினால்தான் எரிபொருள் பக்கம் போக வேண்டும்.

ஒரே அமைப்பு, இரண்டு பாதி

முதல் பாதி டாங்கியிலிருந்து ஃபில்டர் வழியாகப் பெரிய பம்பின் வாய் வரை. இங்கே டீசல் சாதுவாக ஓடும். பல பிக்கப்புகளில் பெரிய பம்பே டாங்கியிலிருந்து டீசலை உறிஞ்சி எடுக்கும், சிலவற்றில் டாங்கிக்குள் ஒரு சிறிய மின் பம்பு தள்ளிவிடும். இதை உறிஞ்சும் பாதி என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது பாதி அந்தப் பெரிய பம்பிலிருந்து நோசல் வரை. இதுதான் அழுத்தும் பாதி. அழுத்தத்தைப் பார் என்ற அளவில் சொல்வார்கள். உங்கள் டயரில் இருப்பது ஏறத்தாழ 2.3 பார். இப்போதைய பிக்கப் சும்மா நின்று உறுமும்போதே இந்தப் பாதியில் 300 பார் அளவுக்கு இருக்கும். பாரம் ஏற்றி மிதித்தால் 1,600 பாருக்கு மேல் போகும், புதிய வண்டிகளில் 2,000-ஐத் தொடும். 1,600 பார் என்பதே டயரைப்போல் ஏறத்தாழ 700 மடங்கு.

பழைய வண்டிகளில் பம்பே ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறை வைத்து டீசலை அனுப்பியது. நோசல் அந்த அழுத்தத்தால் தானே திறந்துகொள்ளும் ஓர் எளிய கருவி. 2000-களின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த ஹைலக்ஸ், ட்ரைட்டன், டி-மேக்ஸ் வண்டிகளில் கதை வேறு. பம்பு டீசலை ஒரு தடித்த இரும்புக் குழாயில் அமுக்கிச் சேர்த்து வைக்கிறது. நான்கு சிலிண்டரும் அதிலிருந்தே எடுத்துக்கொள்வதால் அதற்குக் காமன் ரயில் என்று பெயர். கார்களில் இது பெரிய அளவில் வந்தது 1997-இல், ஆல்பா ரோமியோ 156-இல்.

எப்போது, எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பதை இப்போது நோசல் முடிவு செய்வதில்லை. இன்ஜினை ஆளும் கணினி, அதாவது ஈசியு, மின்சாரம் கொடுத்துத் திறக்கிறது. இந்தக் கருவி முழுவதையும் இன்ஜெக்டர் என்கிறார்கள். நோசல் என்பது அதன் நுனி மட்டும். அந்த நுனியில் உள்ள துளை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு இன்ஜெக்டரும் விநாடிக்கு 16 தடவைக்கு மேல் பீச்ச வேண்டும். ஒட்டுக்கடைத் தீர்ப்பு பழைய நோசலுக்குச் சொன்னது. அதைக் கழற்றி, சுத்தம் செய்து, அரைத்து மாட்டலாம். இன்ஜெக்டர் அப்படிப்பட்ட சாமான் இல்லை.

சரி, இதுவரை வந்தது இவ்வளவுதான்: உறிஞ்சும் பாதி, அழுத்தும் பாதி. முதலாவதில் கோளாறு மலிவு, கையால் பார்க்கலாம். இரண்டாவதில் கோளாறு விலை கூடியது, கருவியால் பார்க்க வேண்டும்.

பொட்டலத் தே ஐஸும் வெடித்த ஸ்ட்ராவும்

பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்கும் தே ஐஸில் ஸ்ட்ராவைப் போட்டு உறிஞ்சுங்கள். ஸ்ட்ராவின் மேல் பக்கத்தில் ஒரு சின்ன வெடிப்பு இருந்தால் என்ன ஆகும்? தே வெளியே ஒழுகாது. காற்று உள்ளே வரும். உறிஞ்ச உறிஞ்ச வாய் நிறையக் காற்று, கொஞ்சம் தே. வாயை எடுத்ததும் ஸ்ட்ராவில் ஏறியிருந்த தே சரசரவென்று கீழே இறங்கிவிடும்.

என் மச்சானின் ஹைலக்ஸில் இருந்தது இதுதான். ஃபில்டருக்குப் போகும் ரப்பர் குழாயில், கிளிப்புக்கு அடியில், நகம் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. தரையில் ஒரு சொட்டு டீசல் கிடையாது. அதனால்தான் யாரும் அங்கே பார்க்கவில்லை. "ஒழுகல் இல்லையே" என்றார்கள். உறிஞ்சும் பாதியில் ஒழுகல் வெளியே தெரிய வேண்டும் என்று விதி இல்லை, அது உள்பக்கமாக ஒழுகும். இரவு முழுக்க நின்ற வண்டியில் டீசல் டாங்கிக்கே இறங்கிவிடும், காலையில் பம்பு காற்றைத்தான் பிடிக்கும். நீண்ட நேரம் சுற்றினால் ஒருவழியாக எழும். அப்புறம் பகலெல்லாம் பரவாயில்லாமல் ஓடும், பாரம் ஏற்றி மிதிக்கும்போது மட்டும் திணறும். ராத்திரி நின்றால்தான் கோளாறு என்றால் முதலில் காற்றைச் சந்தேகப்படுங்கள்.

இதைப் பிடிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. ஃபில்டருக்கும் பெரிய பம்புக்கும் நடுவில், ரப்பர் குழாய்க்குப் பதிலாக டீசலைத் தாங்கும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயை ஒரு நாள் மட்டும் மாட்டிப் பார்ப்பது. குமிழிகள் தொடர்ந்து ஓடினால் காற்று புகுகிறது. பல பிக்கப்புகளில் ஃபில்டரின் தலையில் கையால் அமுக்கும் ஒரு பம்பு இருக்கும், அதற்குப் பிரைமர் என்று பெயர். ஃபில்டர் மாற்றிய பிறகு உள்ளே இருக்கும் காற்றைத் தள்ளி டீசலை நிரப்புவது அதன் வேலை. அதை அமுக்கும்போது கொஞ்ச நேரத்தில் கட்டியாக வேண்டும். மறுநாள் காலை அமுக்கினால் மறுபடியும் தொளதொளவென்று போகிறதா? டீசல் எங்கேயோ இறங்கிப் போகிறது. பல நேரம் அந்தப் பிரைமரின் ரப்பரே கிழிந்திருக்கும்.

அடைத்த ஃபில்டரின் குணம் வேறு. மெதுவாக உறிஞ்சினால் அடைத்த ஸ்ட்ராவிலும் தே வரும், மூச்சு இழுத்து உறிஞ்சினால் ஸ்ட்ரா ஒட்டிக்கொள்ளும். வண்டியும் அப்படியே. ஸ்டார்ட் ஆகும், சும்மா நிற்கும்போது அழகாக உறுமும், பட்டணத்துக்குள் ஓடும். குலை ஏற்றி மேட்டில் மிதித்தால் மட்டும் சக்தி செத்துப்போகும். சில நேரம் மஞ்சள் விளக்கு எரிந்து, எவ்வளவு மிதித்தாலும் வேகம் எடுக்காத நிலைக்குப் போய்விடும். இன்ஜினைக் காப்பாற்ற ஈசியு தானே சக்தியைக் குறைத்துக்கொள்வது அது, லிம்ப் மோட் என்பார்கள். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும், அடுத்த மேட்டில் மறுபடியும் வரும்.

டாங்கி மூடியையும் மறந்துவிட வேண்டாம். ஜெர்ரி கேனைக் கவிழ்த்தால் காற்றுத் துளை இல்லாதபோது டீசல் குளுக் குளுக் என்று திக்கித் திக்கித்தான் வரும். டாங்கியின் காற்று வழி மண்ணால் அடைத்துக்கொண்டால் இன்ஜினுக்கும் அதே கதி. வண்டி திணறும்போது நிறுத்தி மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டு, அதற்குப் பிறகு வண்டி நன்றாக ஓடினால், செலவு ஒரு மூடிதான்.

டிரம், மழை, பி10

தோட்டப் பக்கம் எரிபொருள் கோளாறில் எனக்கு ஆக அதிகம் வேலை வைத்தது தண்ணீர். டீசலைவிடத் தண்ணீர் கனமானது, அடியில் போய்த் தங்கும். ஃபில்டரின் கீழ்ப்பகுதியில் இந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்க ஒரு கிண்ணம் இருக்கும். நீர் பிரிப்பான் என்பது அதுதான். அதில் ஒரு மிதவை உண்டு, தண்ணீர் அளவுக்கு மீறினால் டேஷ்போர்டில் விளக்கு எரியும். அந்த விளக்கு தொந்தரவு செய்கிறது என்று வயரைப் பிடுங்கிவிட்டவர்களை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம்.

தண்ணீர் எப்படி வருகிறது? பெரும்பாலும் டிரம்மிலிருந்து. டிரம்மை நிமிர்த்தி வெளியில் வைத்தால் மழைத் தண்ணீர் அதன் தலையில் குளம்போலத் தேங்கும். பகலில் வெயிலில் சூடாகி உள்ளே இருக்கும் காற்று விரிந்து மூடி வழியாகக் கொஞ்சம் வெளியேறும். இரவில் குளிர்ந்ததும் உள்ளே வெற்றிடம் உண்டாகி, தலையில் நிற்கும் தண்ணீரை மூடியின் மரை வழியாக உறிஞ்சிக்கொள்ளும். மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் மெல்ல மெல்ல இது நடக்கும். டிரம்மைக் கூரைக்கு அடியில் வையுங்கள். முடியாவிட்டால் படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில், டீசலுக்கு அடியில் இருக்குமாறு உருட்டி வையுங்கள்.

2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35 வெள்ளிக்குப் போனது. அதன்பின் டிரம்மின் அடியில் மிச்சம் இருப்பதைச் சாய்த்து, கடைசிச் சொட்டு வரை வண்டியில் ஊற்றும் பழக்கத்தை எங்கள் பக்கம் நிறையப் பார்க்கிறேன். காசின் வலி எனக்கும் தெரியும். ஆனால் டிரம்மின் அடியில் இருப்பது டீசல் மட்டும் இல்லை, தண்ணீர், துரு, சகதி எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

அடுத்து பி10. டீசலில் பத்து விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருள் கலந்திருக்கிறது என்பது அதன் பொருள். 2019-லிருந்து போக்குவரத்து டீசலில் இது கட்டாயமானது. நாம் வெட்டி அனுப்பிய குலைதான் ஆலை எல்லாம் சுற்றிவிட்டு நம் டாங்கிக்கே திரும்பி வருகிறது. "பி10 வந்ததிலிருந்து நோசல் தாங்கல" என்று பலர் சொல்கிறார்கள். நான் அதை அப்படியே ஏற்க மாட்டேன். செம்பனைக் கலவை சாதாரண டீசலைவிடக் கூடுதலாக ஈரத்தை இழுக்கும், பழைய டாங்கியின் சுவரில் படிந்த அழுக்கையும் கழுவி எடுத்து வரும். அதனால் பழைய வண்டியில் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கலாம். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் கிருமிகள் வளர்ந்து கறுப்பான கொழகொழப்பு உண்டாவதும் உண்மை. மாதக்கணக்கில் டிரம்மில் தேக்கி வைத்தால் இதெல்லாம் கூடும். வாரம் ஒருமுறை நிரப்பி ஓட்டுகிறவருக்கு, ஃபில்டரை நேரத்தில் மாற்றினால், பி10 ஒரு பூதம் இல்லை.

நீர் பிரிப்பானின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, தெளிவான பாட்டிலில் கொஞ்சம் டீசலைப் பிடியுங்கள். இன்ஜின் அணைந்து, ஆறியிருக்க வேண்டும். பத்து நிமிடம் அசைக்காமல் வைத்துப் பாருங்கள். அடியில் கண்ணாடிபோல ஒரு அடுக்கு தெரிந்தால் தண்ணீர். கறுப்புத் துணுக்குகள் என்றால் டாங்கியைக் கழுவ வேண்டும். வெள்ளித் தூள்போல மின்னினால் அது வேறு விஷயம், பெரிய பம்பு தேய்ந்து இரும்பை உதிர்க்கிறது. அப்போது வண்டியை மேலும் ஓட்டாதீர்கள். அந்தத் தூள் இன்ஜெக்டர் வரை போனால் எல்லாமே போய்விடும்.

எண்ணெய் நிலையத்தில் டீசலின் கறுப்புக் கைப்பிடிக்குப் பதிலாக மஞ்சள் கைப்பிடியைப் பிடித்து பெட்ரோலை நிரப்பிவிட்டால் சாவியைக்கூடத் திருகாமல் இழுத்துக்கொண்டு போங்கள். டீசல்தான் வண்டியின் பெரிய பம்புக்கு மசகு எண்ணெய். பெட்ரோல் அதை வழித்து எடுத்துவிடும்.

உறிஞ்சும் பாதியைச் சுருக்கினால்: காற்று, அடைப்பு, தண்ணீர். மூன்றையும் ஒரு பாட்டில், ஒரு தெளிவான குழாய், ஒரு புது ஃபில்டர் கொண்டு பார்த்துவிடலாம்.

இங்கே கை வைக்காதீர்கள்

அழுத்தும் பாதிக்குள் போவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பழைய வண்டிகளில் ஃபோர்மன்மார்கள் இன்ஜின் ஓடும்போதே நோசல் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பார்கள். அந்தக் காலத்து வித்தை அது, அந்தக் காலத்து வண்டிக்கு. காமன் ரயில் வண்டியில் அதைச் செய்யவே கூடாது. 1,000 பாருக்கு மேல் பாயும் டீசல் கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரி தோலைத் துளைத்து சதைக்குள் போகும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். அப்படி நடந்தால் பிளாஸ்டர் ஒட்டிவிட்டு வேலைக்குப் போகாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், "டீசல் அழுத்தத்தில் உள்ளே போய்விட்டது" என்று சொல்லுங்கள். விரலைக் காப்பாற்றுவது அந்தச் சில மணி நேரம்தான். ஒழுகலைத் தேடுவதற்கும் கையால் தடவாதீர்கள், ஓர் அட்டைத் துண்டைத் தூரத்தில் பிடித்துப் பாருங்கள்.

பெரட்டு ரிஜிஸ்டர் சொல்வதும் சொல்லாததும்

இந்தப் பாதியைப் பார்ப்பதற்கு ஸ்கேனர் வேண்டும். வண்டியின் ஈசியுவோடு பேசும் சிறு கருவி அது. கைப்பேசியோடு இணைக்கும் மலிவான வகையே ஆரம்பத்துக்குப் போதும்.

ஸ்கேனர் ஒரு குறியீட்டைக் காட்டும். ரயிலில் அழுத்தம் குறைவு என்றால் பி0087. உடனே "கம்ப்யூட்டரே சொல்லிட்டது, பம்ப் போச்சு" என்று முடிவு கட்டுவார்கள். தோட்டத்தில் காலைப் பெரட்டு நினைவிருக்கிறதா? மண்டோர் பெயர் கூப்பிட்டு, வராதவர்களுக்கு ரிஜிஸ்டரில் குறி போடுவார். இன்னார் வரவில்லை என்று அதில் இருக்கும். காய்ச்சலா, கல்யாணமா, சைக்கிள் பஞ்சரா என்று இருக்காது. பி0087-உம் அப்படி ஒரு குறிதான். அழுத்தம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை நாம்தான் தேட வேண்டும். அடைத்த ஃபில்டரும் இதே குறியைப் போடும், வெடித்த ரப்பர் குழாயும் போடும், செத்துப்போன பம்பும் போடும்.

அதனால் குறியீட்டைவிட இரண்டு எண்களைப் பாருங்கள். ஈசியு கேட்கும் அழுத்தம் ஒன்று, ரயிலில் உண்மையில் இருக்கும் அழுத்தம் இன்னொன்று. இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கினால் அமைப்பு நலம். மிதிக்கும்போது கேட்பது ஏறிக்கொண்டே போக, இருப்பது பின்தங்கினால் டீசல் போதவில்லை. ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தம் 200 பார் அளவைக்கூடத் தொடவில்லையா? (வண்டிக்கு வண்டி இந்த எண் மாறும்.) ஈசியு இன்ஜெக்டரைத் திறக்கவே உத்தரவு கொடுக்காது. இன்ஜெக்டர் புத்தம் புதிதாக இருந்தாலும் வண்டி எழாது. என் மச்சான் கதையில் நடந்தது அதுதான்.

அழுத்தம் குறைவு, உறிஞ்சும் பாதியும் சுத்தமாக இருக்கிறது என்றால் இரண்டு சந்தேக நபர்கள் மிச்சம்.

முதலாவது, பெரிய பம்பின் மேல் திருகி வைத்திருக்கும் ஒரு சின்ன வால்வு. பம்புக்குள் எவ்வளவு டீசலை விடலாம் என்று அளப்பது அதன் வேலை. எஸ்சிவி என்பார்கள். அழுக்கு சேர்ந்து அது ஒட்டி ஒட்டி அசைந்தால், சும்மா நிற்கும்போது இன்ஜின் சத்தம் ஊஞ்சல்போல ஏறி இறங்கும், சிக்னலில் நிற்கும்போது பட்டென்று அணையும். பல வண்டிகளில் பம்பைக் கழற்றாமலே இதை மட்டும் மாற்றலாம். "பம்ப் போச்சு" என்று எழுதப்பட்ட பில்களில் எத்தனை உண்மையில் இந்த வால்வுக்கான பில்கள் என்று நான் யோசித்தது உண்டு.

இரண்டாவது, கடைசியில் ஒருவழியாக, நம் இன்ஜெக்டர்தான். அது தன்னைத் திறந்துகொள்ளவே கொஞ்சம் டீசலைச் செலவழித்து, அதை ஒரு மெல்லிய குழாய் வழியாக டாங்கிக்குத் திருப்பி அனுப்பும். தேய்ந்த இன்ஜெக்டர் திருப்பி அனுப்புவது கூடிக்கொண்டே போகும். மருந்து பம்பில் அடிக்க அடிக்க மருந்து குழாய்க்குப் போகாமல் டாங்கிக்கே திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள், கை எவ்வளவு அடித்தாலும் அழுத்தம் நிற்காது. நான்கில் ஒன்று இப்படி ஆனாலும் ரயில் முழுக்கவே அழுத்தம் விழும். சூடான டீசல் மெல்லியது, இன்னும் வேகமாகக் கசியும். அதனால் இந்த வண்டிகள் காலையில் எழுந்துவிடும். பட்டணத்துக்குப் போய் சாமான் வாங்கிவிட்டு, சூட்டோடு மறுபடியும் ஸ்டார்ட் செய்யும்போதுதான் அடம் பிடிக்கும். காற்று புகும் வண்டிக்கு நேர் எதிர்.

இதற்கான சோதனை ரொம்பவும் அழகானது. நான்கு இன்ஜெக்டரின் திரும்பு குழாய்களையும் கழற்றி, நான்கு சின்ன பாட்டில்களில் விட்டு, கொஞ்ச நேரம் இன்ஜினை ஓட விடுவார்கள். நான்கு பாட்டிலும் ஏறக்குறைய சமமாக நிரம்ப வேண்டும். ஒன்று மட்டும் பொங்கி வழிந்தால் அந்த ஒன்றுதான் குற்றவாளி. பட்டறையில் செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள்.

புகையைப் படிப்பது

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, வண்டி மட்டும் எழவில்லை. ஒருவரைச் சாவியைத் திருகச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் போய்ப் புகைக் குழாயைப் பாருங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுற்ற வேண்டாம். புகையே இல்லையா? சிலிண்டருக்கு டீசல் போகவே இல்லை. டாங்கி, ஃபில்டர், காற்று, அழுத்தம் என்று வரிசையாகப் பாருங்கள். வெள்ளையாக, கண்ணை எரிக்கும் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. பேட்டரி, அமுக்கம், சில நேரம் ஒழுகும் இன்ஜெக்டர்.

கறுப்புப் புகைக்குக் காற்றைவிட டீசல் அதிகம் என்று அர்த்தம். இன்ஜெக்டரைத் தொடுவதற்கு முன் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். செம்மண் பாதையில் ஓடும் வண்டிக்கு அது ஒரு செங்கல்லாகவே இருக்கும். இன்ஜினுக்குக் காற்றை அமுக்கித் தள்ளும் டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாய் வெடித்தாலும் இதே கறுப்புதான். நீலப் புகை என்றால் இன்ஜின் எண்ணெய் எரிகிறது, இந்தக் கட்டுரைக்கு வெளியே.

பட்டறையில் கேட்க வேண்டியது

நான்கு இன்ஜெக்டர் என்று சொன்னால் மரியாதையாக மூன்று விஷயம் கேளுங்கள். "ரயில் அழுத்தம் எவ்வளவு காட்டுதுண்ணே? திரும்பு பாட்டில் டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா? பழைய சாமான எனக்குத் தருவீங்களா?" நல்ல ஃபோர்மன் முதல் இரண்டுக்கும் எண்ணோடு பதில் சொல்வார். சிலர் கோபப்படுவார்கள், பரவாயில்லை, ஊரில் வேறு பட்டறையும் இருக்கிறது.

மச்சானுக்கு அந்த ரப்பர் குழாயும் இரண்டு கிளிப்பும் தே தாரிக் காசுக்கு மேல் கொஞ்சம்தான் ஆனது. இப்போது சீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மினரல் பாட்டில் வைத்திருக்கிறார், மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை ஃபில்டரிலிருந்து டீசல் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். பழைய நான்கு இன்ஜெக்டரையும் கேட்டு வாங்க அவருக்கு அன்று தோன்றவில்லை. அவை நன்றாக இருந்தனவா, இப்போது யாருடைய வண்டியில் ஓடுகின்றன என்று தங்கச்சி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.